வேகத்தை அளக்கும் காமிராக்கள்: தேவையும் நிபந்தனையும்

டில்லி மாநகரின் பெருஞ்சாலைகள் பலவற்றில் மோட்டார் வண்டிகளின் வேகத்தை அளந்து, வரம்பு மீறிய வண்டியின் எண்பலகையைப் படம் பிடித்து, உரியவருக்கு அபராத அறிவிப்புச் செல்ல வழிசெய்யும் தானியங்கிக் காமிராக்கள் நிறுவப்பட்டுள்ளன. இவை உயிரைக் காக்கும் சாதனங்கள் என ஒரு சாராரும், கஜானாவை நிரப்பும் சாதனங்கள் என மற்றொரு சாராரும் கூறி வருகின்றனர். இவ்விரு கூற்றுக்களையும் விஞ்ஞான நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 60 கிலோமீட்டரை எட்டினால், வேகம் ஐந்தில் ஒரு பங்கே கூடுகிறது. ஆற்றலோ 44 சதவீதம் கூடுகிறது. அவ்வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு தடையை மிதிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அந்தப் 17 மீட்டரும் வேகம் குறையாமலே கழிந்துவிடும். சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் உயர்ந்தால், மரணம் விளைக்கும் விபத்துக்கள் ஏறத்தாழ 4 சதவீதம் உயருமென ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் யோரான் நில்சன் வகுத்த விதி உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டனர். அவற்றுள் 71 சதவீத மரணங்களுக்கு அதிவேகமே காரணமென அரசாங்கப் பதிவேடு கூறுகிறது. ஆயினும் இக்காரணம் விபத்து நிகழ்ந்த பின்னர் போலீஸார் எழுதியதேயன்றி, கருவியால் அளந்து கண்டதன்று. ஆகவே இவ்வெண்ணை முடிந்த முடிபாகக் கொள்வதினும், வேகத்தை முறையாக அளக்கவேண்டிய அவசியத்திற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

காமிராக்களால் உண்மையில் பயன் உண்டா என்ற வினாவிற்கு, 2010ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு விடையளிக்கிறது. பல நாடுகளில் நிகழ்ந்த 35 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அம்மதிப்பாய்வு, காமிராக்களின் அருகில் மரணமோ படுகாயமோ விளைக்கும் விபத்துக்கள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்தன எனக் கண்டது. அவ்வாய்வுகளின் தரம் நடுத்தரமானதே என்பதையும் தொகுத்தோர் மறைக்கவில்லை. விபத்து மிகுந்த ஓராண்டையடுத்துக் காமிராவை நிறுவினால், தானாகவே குறைந்திருக்கக்கூடிய பகுதியும் காமிராவின் கணக்கில் சேர்ந்துவிடும். இதனைக் கழித்துப் பார்த்தாலும், முடிவுகள் யாவும் ஒரே திசையைக் காட்டுவதால் பயன் உண்டென்பதில் ஐயமில்லை.

இனிக் கருவியின் இயல்பைக் காண்போம். இவற்றுள் பல, 1842ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய தத்துவத்தின்படி இயங்கும் ராடார் கருவிகளாகும். விநாடிக்கு 2,400 கோடி அதிர்வுகள் கொண்ட அலை, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்வரும் வண்டியிற்பட்டுத் திரும்பும்போது, அதன் அதிர்வெண் சுமார் 2,670 மிகுந்து காணப்படும். இவ்வேற்றுமையிலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. கருவி சாலைக்கு 20 பாகைக் கோணத்தில் நின்றால், 60 கிலோமீட்டர் வேகம் 56 கிலோமீட்டராகத் தோன்றும். இக்குறைவுக்கு ஈடுசெய்து கணக்கிடுமாறு கருவியை அமைப்பதுண்டு. அப்போது கோணம் பிசகி நிறுவப்பட்டால், பிழை இருபுறமும் நேரலாம். எனவே தொழிற்சாலையிற் பெற்ற சான்று மட்டும் போதாது; நிறுவிய இடத்திலேயே சோதிப்பதும் இன்றியமையாதது.

கருவி பிழையின்றி அளந்தும் அநீதி விளையக்கூடும் என்பதற்கு டில்லியிலேயே சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, தேசிய நெடுஞ்சாலை 24இல் நிஜாமுதீன் பாலத்திற்கும் காஜிப்பூருக்கும் இடையே வேகவரம்பு மீறியதாக விதிக்கப்பட்ட ஏறத்தாழ 1,50,000 அபராத அறிவிப்புக்களைப் போக்குவரத்துப் போலீஸார் திரும்பப் பெற நேர்ந்தது. சாலையோர அறிவிப்புப் பலகை 70 கிலோமீட்டரை வரம்பெனக் காட்டியது. காமிராக்களோ 60 கிலோமீட்டருக்கு அமைக்கப்பட்டிருந்தன. பலகையை நம்பி ஓட்டியவர் குற்றவாளியாக்கப்பட்டார். விஞ்ஞானத்தில் குறையில்லை, கருவியின் அமைப்பையும் பலகையின் வாசகத்தையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பாரின்மையே குறை.

சட்டமும் படிப்படியாக இத்துறையைச் சீர்செய்து வந்துள்ளது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 136-அ பிரிவைச் சேர்த்து, மின்னணுக் கண்காணிப்பை மாநிலங்களின் கடமையாக்கியது. 2021 ஆகஸ்டில் வெளியான விதிகள், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றையும், காமிரா இருப்பதை உணர்த்தும் எச்சரிக்கைப் பலகையையும் கட்டாயமாக்கின. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், இப்பிரிவைச் செயற்படுத்துமாறு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. வேகம் அளக்கும் ராடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டுமென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வகுத்த விதிகள், 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வருமென அறிவிக்கப்பட்டன.

இவ்விறுதி ஏற்பாடே மிக முக்கியமானது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்திற்கு வந்தபோது, கடைக்காரரின் எடைக்கல்லில் முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குமாறு மக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அரை சேர் பருப்புக்கு வேண்டிய நம்பிக்கை, ஆயிரம் ரூபாய் அபராதத்திற்கு வேண்டாமா? மீட்டருக்கும் விநாடிக்கும் தேசிய அளவைகளைப் பேணும் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் டில்லியிலேயே உள்ளது. அந்நகரின் சாலைகளில் உள்ள கருவிகள் அளவையியலின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டவையாக இருத்தல் தகாது.

இத்தகைய நிபந்தனைகள் குற்றவாளிகள் தப்புவதற்கு வழிவகுக்குமெனச் சிலர் அஞ்சுவர். உண்மை இதற்கு மாறானது. முத்திரையும் தேதியும் தெளிவாக உள்ள சான்றை மறுப்பது கடினம். அவையில்லாத சான்றே வழக்கில் நிலைகுலையும். காமிராவிற்கு அவப்பெயர் நேர்ந்தால் இழப்பு யாருக்கு என்பதையும் எண்ணவேண்டும். டில்லிச் சாலைகளில் மாள்வோருள் பெரும்பாலோர் நடந்து செல்வோரும் இருசக்கர வண்டியில் செல்வோருமே. அபராத அறிவிப்புப் பெறுபவர் வாதாட வழியுண்டு; சாலையைக் கடக்கையில் அடிபட்டவருக்கு அவ்வழியில்லை. மேலும், ஓட்டுபவரின் பதவியையோ செல்வாக்கையோ காமிரா அறியாது. இந்நடுநிலை எளியோருக்கு நன்மை பயப்பதாகும்.

ஆகவே காமிராக்கள் வேண்டும். அவற்றோடு மூன்று நிபந்தனைகளும் வேண்டும். அபராத அறிவிப்பு ஒவ்வொன்றிலும் கருவி சரிபார்க்கப்பட்ட தேதியும், அவ்விடத்துப் பலகை காட்டும் வரம்பும் அச்சிடப்படவேண்டும். பலகையை அமைக்கும் துறையும் காமிராவை இயக்கும் துறையும் குறித்த காலங்களில் கூட்டாகச் சோதனை செய்யவேண்டும். விபத்துப் பதிவை ஆதாரமாகக் கொண்டே இடங்களைத் தேர்ந்து, நிறுவியபின் விபத்துக்கள் குறைந்தனவா என்பதை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். வசூலான தொகையை மட்டும் வெளியிடுவது ஐயத்தையே வளர்க்கும்.

களப்பணியாளர் தம் எல்லைக்குட்பட்ட வேகவரம்புப் பலகைகள் மரக்கிளைகளால் மறைந்துள்ளனவா, ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று நேரிற்கண்டு எழுதி அனுப்பலாம். ஆசிரியர்கள், பள்ளிக்கு வெளியே பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று, அளந்து குறித்த 50 மீட்டர் தூரத்தை வண்டிகள் எத்தனை விநாடியில் கடக்கின்றன என மாணவர்களைக் கொண்டு கணக்கிடச் செய்யலாம். மூன்று விநாடியிற் கடக்கும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகும். தாமே அளந்தறிந்த மாணவர், பின்னாளில் வேகவரம்பை மதிப்பதோடு, தம்மை அளக்கும் கருவியின் முத்திரையையும் கேட்டறிவர்.