தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடிகிற ஊர்

காலையில் என்னோடு நடக்க வருகிற நண்பர்கள், "நாலு நாள் எங்கயாவது போயிட்டு வரலாம்னு இருக்கோம். எந்த ஊர் சார் நல்லா இருக்கும்?" என்று அடிக்கடி கேட்பார்கள். "தென்காசிக்குப் போங்க. அங்கேயே நாலு நாள் தங்குங்க. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் நமக்கு வேண்டாம்" என்பேன். "குற்றாலம்தானே? பார்த்தாச்சே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நடந்துகொண்டே காரணத்தை விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மே மாதம் மகன் குடும்பத்தோடு மதுரைக்கு வந்திருந்தான். "அப்பா, அம்மாவையும் கூட்டிட்டு எல்லாரும் கொடைக்கானல் போவோம்" என்றான். இ-பாஸ் எடுத்தான், அறை போட்டான், வாடகைக்குப் பெரிய வண்டி பிடித்தான். அவன் ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலையில் ஏறிய பிறகு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. வெள்ளி அருவியைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் ஏழு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்த அரை மணி, பார்க்கப் பத்து நிமிடம். மூன்றாம் நாள் இறங்கி வந்தோம். பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் மனைவிக்குக் குளிர்க்காய்ச்சல். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சிறுநீர்த் தொற்று என்றார். "தண்ணி எவ்வளவு குடிச்சீங்கம்மா?" என்று கேட்டார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "வெளியூர் கிளம்பினா நான் தண்ணி குடிக்க மாட்டேன் டாக்டர். வழியில எங்க போறது?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு இது புதுச் செய்தி. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடங்கள் ஆகின்றன. திருப்பதி, ராமேஸ்வரம், மைசூர் என்று எத்தனையோ பயணங்கள் போயிருக்கிறோம். ஒவ்வொரு பயணத்திலும் காலை காபியோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, அறைக்குப் போய்ச் சேரும் வரை நாக்கு வறள உட்கார்ந்திருக்கிறாள். அருவியையும் ஏரியையும் நான் ரசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த கழிப்பறை எங்கே என்பதுதான் அவள் கவலை. நமக்கு என்ன, வண்டியை ஓரம் கட்டினால் ஒரு மரத்தடி போதும். நான் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஓர் ஊர் எங்களுக்கு ஏற்றதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். அந்தப் பயணத்தில் என் மனைவி தாகம் எடுத்தபோது யோசிக்காமல் தண்ணீர் குடிக்க முடியுமா? காட்சி, குளிர், கோயில், சாப்பாடு எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், வரைபடத்தில் இருக்கும் பிரபலமான ஊர்கள் பாதிக்கு மேல் கழிந்துவிடும். மிஞ்சுவது ரயில் நிற்கிற, தரைமட்டத்தில் இருக்கிற, ஒரே அறையில் தங்கிக்கொண்டு அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்கள். எங்களுக்கு மிஞ்சியது தென்காசி.

மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஏறினோம். ரயிலின் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறது. பத்தடி தூரத்தில் இருக்கிறது. யாரிடமும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. போகும்போது வலது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மேற்கே மலை கூடவே வரும். ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று போகப் போக மலை சில இடங்களில் விலகி, மறுபடி நெருங்கி வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் சர்க்கரை உள்ளவர்கள் ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தென்காசியில் பார்க்க வேண்டியது காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. கோபுரம் இடி விழுந்து சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றதை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். இப்போதுள்ள ராஜகோபுரத்துக்கு 1990-இல்தான் குடமுழுக்கு நடந்தது. கோபுர வாசலில் நுழைந்தால் காற்று முகத்தில் வந்து மோதும், பிறகு முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு அதைவிடச் சுகம் வேறு இல்லை. இந்தக் கோயிலைக் கட்டிய மன்னன், பிற்காலத்தில் இது பழுதுபட்டால் எடுத்துக் கட்டப்போகிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். கட்டியவனுக்கே, தனக்குப் பிறகு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை இருந்திருக்கிறது. வாசல் காற்றில் உட்கார்ந்து நாங்கள் இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

குற்றாலம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்குள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். சனி, ஞாயிறு போகாதீர்கள். செவ்வாய், புதன் போனால் மூச்சு விடலாம். பேரருவிக்கு அடியில் நின்றுதான் ஆக வேண்டும் என்று வீரம் பேச வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் புலியருவி போதும். இல்லாவிட்டால் தள்ளி நின்று சாரலில் நனைந்தாலே பாதிக் குளியல் ஆகிவிடும். தண்ணீர் கூடும்போது குளிக்கத் தடை போட்டால் முணுமுணுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்ததை மறக்கக்கூடாது. குளிக்க முடியாத நாளில் சித்திர சபைக்குப் போங்கள். நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்று. உள்ளே சுவரெல்லாம் மூலிகை வண்ண ஓவியங்கள். பெரிய கோயிலில் இருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வருவதில்லை.

மூன்றாம் நாள் செங்கோட்டையிலிருந்து ரயிலில் புனலூர் போய் வந்தோம். என்னைக் கேட்டால், மலைப் பயணம் என்றால் இதுதான். 1904-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறந்தது. அகலப் பாதையாக்குவதற்காக 2010-இல் மூடினார்கள், 2018-இல் முழுவதுமாகத் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது காற்றே மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் காய்ந்த கரடு, அந்தப் பக்கம் அடர்ந்த பச்சை. ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ரயில் நிதானமாக இறங்கும். பதின்மூன்று கண் பாலத்தின் மேல் நாம் போவதால் அதன் வளைவுகளைச் சரியாகப் பார்க்க முடியாது, அது ஒரு குறைதான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த ஊர். அதனால்தானோ என்னவோ, ஊரின் ஓட்டு வீடுகளில் இன்னும் கொஞ்சம் மலையாளச் சாயல் தெரிகிறது.

நான்காம் நாள் திருநெல்வேலி போகும் பாசஞ்சரில் அம்பாசமுத்திரம். வழியில் கீழக்கடையம் வரும். கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியிலிருந்து வந்தபின் பாரதியாரும் சில காலம் அங்கே வாழ்ந்திருக்கிறார். அம்பாசமுத்திரம் தாமிரபரணிக்கு வடகரையில், கல்லிடைக்குறிச்சி தென்கரையில். நடுவில் ஆறும் இருபுறமும் வயலும். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் பூமி. பயிர் நிற்கும் மாதத்தில் போனால் மலையடிவாரம் வரை ஒரே பச்சை. காசிபநாதர் கோயில் பக்கத்துப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து பாபநாசம் ஆட்டோவில் போகலாம். பாபநாசத்தில் பரிகாரம் என்று பழைய துணியை ஆற்றில் விடுகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து நீங்களும் சேராதீர்கள். அந்த ஆற்றைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன.

இதை எதிர்த்து நண்பர்கள் சொல்வதையும் எழுதிவிட வேண்டும்.

முதலாவது, "அங்கே குளிர் கிடையாதே" என்பது. சரிதான். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் தென்காசி நம் மதுரை மாதிரிதான் காயும், அருவியிலும் தண்ணீர் இருக்காது. அந்த மாதங்களில் போக வேண்டாம். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்ட வயதையெல்லாம் நாம் தாண்டியாயிற்று. ஆகஸ்ட் கடைசியில் கூட்டம் குறைந்த பிறகு போனால் அறை வாடகையும் இறங்கியிருக்கும், சாரலும் மிச்சமிருக்கும்.

இரண்டாவது, "உச்சியிலிருந்து பார்க்கிற காட்சி வருமா?" என்பது. வராது. ஆனால் என் முழங்காலோடு நான் எத்தனை உச்சியைப் பார்த்துவிட்டேன்? கொடைக்கானலில் நான் அதிகம் பார்த்தது முன்னால் நின்ற வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான். தென்காசி அறை ஜன்னலில் காலை ஆறு மணிக்கு மேகம் மலையை விட்டு இறங்குவதை, நாலு நாளும் காபி டம்ளரோடு பார்த்தோம்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. "பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிடும்போது எப்படி வேண்டாம் என்பது?" என் மகனுக்கும் முகம் வாடத்தான் செய்தது. "அப்ப எங்களோட வரமாட்டீங்களா?" என்றான். டாக்டர் கேட்டதையும் அவன் அம்மா சொன்னதையும் அவனிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை. பிறகு, "அம்மா என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான். என்னிடமே சொல்லவில்லையடா என்றேன். கொடைக்கானலுக்கு அவர்கள் போகட்டும், பிள்ளைகள் படகு ஓட்டட்டும். எங்களோடு வருவதென்றால் தென்காசிக்கு வரட்டும். போன வருடம் பேத்தி மட்டும் வந்தாள். ஐந்தருவியில் நனைந்துவிட்டு இன்னொரு தடவை என்று அழுதாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அறை எடுக்கும் முன் போனில் மூன்றே விஷயங்கள் கேளுங்கள்: வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, தரைத்தளம் அல்லது லிஃப்ட் உண்டா, வெந்நீர் வருமா. முதல் தடவை நான் இதைக் கேட்காமல் போய், மாடி ஏறி இறங்கி, மறுநாளே விடுதி மாற்றினோம். ரயிலில் கீழ்ப் படுக்கை, ஜன்னலோர இருக்கை என்று முன்பே பாருங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மதியம் அறைக்கு வந்து படுத்துவிடுங்கள். மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

ஓர் அரசாங்கம் சுற்றுலாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், செல்ஃபி எடுக்கும் இடமும் ஒளிரும் எழுத்துகளில் ஊர்ப் பெயரும் அப்புறம் ஆகட்டும் என்பேன். நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும் அருவிக்கரையிலும், தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் போட முடிகிற கழிப்பறைகளை முதலில் கட்டட்டும். கட்டினால் மட்டும் போதாது, தினமும் கழுவுகிற ஆளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டும். அதுவரை எங்கள் வீட்டுச் சுற்றுலா ரயில் போகும் ஊர்களுக்குத்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "இன்னொண்ணு வாங்கிக்கிட்டு வாங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பயணத்தில் அவள் என்னிடம் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடினேன். ரயில் கிளம்பிவிடும் என்று அவள் சத்தம் போட்டாள்.

இதைப் படிக்கிற ஆண்கள் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடும் முன், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "வெளியூர் போகும்போது நீ தண்ணி குடிப்பியா?" பதில் வந்த பிறகு ஊரை முடிவு செய்யுங்கள்.