கிடா வாங்குறதுக்கு முன்னால வாயைப் பாருங்க

முனியாண்டி சாமிக்குக் கிடா நேர்ந்திருக்கிற குடும்பங்களுக்கு நாங்கள் ஒன்று சொல்லணும்.

போன பூஜைக்கு ஒரு குடும்பம் கொண்டு வந்த கிடா பார்க்கப் பெருசு, கொம்பும் நீளம். விற்றவர் ஒரு வயசு தாண்டிருச்சுன்னு சொன்னாராம். வாயைத் திறந்து பார்த்தோம், எட்டும் பால் பல். அந்த அம்மா சந்நிதியிலேயே அழுதுட்டாங்க.

கொம்பும் எடையும் இனத்தையும் தீனியையும் பொறுத்தது. வயசுக்குப் பல்தான் கணக்கு. ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. நடு ரெண்டு பால் பல் விழுந்து பெரிய பல் முளைச்சா ஒரு வயசு தாண்டியது. நாலு பல்லுன்னா ஏறக்குறைய 2 வயசு, ஆறுன்னா 3, எட்டும் சேர்ந்தா 4. சில மாசம் முன்னப் பின்ன இருக்கும். மானுக்கும் கொம்புக் கிளையை எண்ணி வயசு சொல்ல முடியாது, பல்லைத்தான் பார்க்கணும்.

ஃபேக்டரியில் கொழுந்து மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துத்தானே எடுக்கிறோம்? காசு கொடுக்கும் முன்னால வாயைப் பாருங்க. தெரியலைன்னா கூப்பிடுங்க, கூட வர்றோம்.

எங்கள் கருத்து இதுதான்: பால் பல் குட்டியை வெட்ட வேண்டாம். வளர்த்து அடுத்த வருஷம் கொண்டு வாங்க. சாமி காத்திருப்பார்.

முனியாண்டி துணை.