ஊமைப்பட மார்மனும் கீழ்த்திருப்பதி கோவிந்தராஜரும்

யூட்டாவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போகிறேன் என்று சித்தூருக்கு போன் போட்டுச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்க ஒவ்வொருத்தனும் நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவானாமே, நெஜமாடா?" சம்பளம், குளிர் பற்றிய விசாரணை எல்லாம் அப்புறம்தான். அம்மா யூட்டாவை மேப்பில்கூடப் பார்த்ததில்லை. மார்மன் ஒருவரையும் சந்தித்ததில்லை. ஆனாலும் சேதி சித்தூர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன சமாச்சாரத்துக்கு இவ்வளவு ஆயுசு. அந்த ஆயுசைக் கூட்டியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். ஆனால் யூட்டாவோடு நிற்காது, திருப்பதிக்கும் வரும்.

முதலில் உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். (தங்களை மார்மன்கள் என்று அழைக்க வேண்டாம் என்று 2018இல் அவர்கள் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. பழைய படங்களைப் பற்றிய பேச்சு என்பதால் இங்கே பழைய பெயரே இருக்கட்டும்.) பலதார மணம் இருந்தது நிஜம். 1852இல் அதை ஊரறியச் சொன்னார்கள். 1890இல் அன்றைய தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் இனிமேல் வேண்டாம் என்று அறிக்கை விட்டார். 1904இல் இன்னும் கறாராக இன்னொரு அறிக்கை வந்தது. பிரிந்துபோன சில சின்னக் குழுக்கள் இன்றும் அதை விடவில்லை. ஆனால் பெரிய சபை அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இப்போது சினிமாவுக்கு வருவோம். 1911இல் டென்மார்க்கின் நோர்டிஸ்க் கம்பெனி ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் 'எ விக்டிம் ஆஃப் தி மார்மன்ஸ்' என்று ஓடியது. இயக்கம் ஆகஸ்ட் ப்ளோம். வில்லனாக நடித்த வால்டெமார் சிலாண்டர் அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரிய ஹீரோ. கதை ரொம்ப சிம்பிள். மதப்பிரசாரம் செய்ய வந்த ஒரு மார்மன் நல்ல குடும்பத்துப் பெண்ணை மயக்குகிறான், கப்பலேற்றி யூட்டாவுக்குக் கூட்டிப் போகிறான், அங்கே வீட்டில் அடைத்து வைக்கிறான். அவளுக்கு வேண்டியவர்கள் துரத்திப் போய் மீட்கிறார்கள். படம் வந்தபோது பலதார மணத்தை நிறுத்தி 21 வருஷம் ஆகியிருந்தது. அது படம் எடுத்தவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அதே 1911இல் பிரிட்டனிலும் 'நம் பெண்களைக் கடத்துகிறார்கள்' என்று ஒரே கூச்சல். அப்போதைய உள்துறை அமைச்சர் வேறு யாருமல்ல, நம்ம வின்ஸ்டன் சர்ச்சில். விசாரித்துப் பார்த்தார்கள், நடவடிக்கை எடுக்கும்படி ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் விசாரணை முடிவை யாராவது டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்களா? 1922இல் அதே பிரிட்டனில் 'ட்ராப்ட் பை தி மார்மன்ஸ்' வந்தது. இதில் வில்லனுக்குப் பேச்சுகூடத் தேவையில்லை, கண்ணாலேயே வசியம் செய்துவிடுவான். நடுவில் 1917இல் ஹாலிவுட்டில் 'எ மார்மன் மெய்டன்' என்று ஒன்று. அதில் மார்மன்கள் முகமூடி அங்கி போட்ட ரகசியப் படையாக வருவார்கள்.

மூன்று படத்திலும் ஃபார்முலா ஏறக்குறைய ஒன்றுதான். வெளியிலிருந்து வந்தவன், நம்ம வீட்டுப் பெண், மாட்டிக்கொண்டால் வெளியே வரமுடியாத ஓர் இடம். கவனித்தீர்களா, அவள் தன் புத்தியால் அவனை நம்பிப் போனாள் என்று இந்தக் கதைகளால் ஒத்துக்கொள்ளவே முடியாது. அதனால்தான் வசியமும் மயக்கமும் தேவைப்படுகிறது. மார்மனை அசிங்கப்படுத்துகிற படம், கூடவே அந்தப் பெண்ணையும் முட்டாளாக்கிவிடுகிறது.

"நமக்கென்னப்பா, அது கிறிஸ்தவர்களுக்குள் சண்டை" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அதே 1911இல் (எங்கள் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அந்த வருஷம்தான்!) அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் மேபெல் பாட்டர் டாகெட் என்பவர் நீளமான கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பெண்களின் மனசையும் சொத்தையும் கீழைநாட்டுச் சாமியார்கள் கவர்ந்துகொண்டு போகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். ஆக மார்மனுக்குத் தைத்த சட்டை நம்ம சுவாமிகளுக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருக்கிறது. சட்டை தைப்பவனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது முக்கியமே இல்லை.

சரி, வெள்ளைக்காரனைத் திட்டி முடித்தாயிற்று. இனி நம்ம வீடு.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கியதும் கண்ணில் படுகிற பெரிய கோபுரம் கோவிந்தராஜ சாமி கோவிலுடையது. கீழ்த்திருப்பதி ஊரே அந்தக் கோவிலைச் சுற்றி வளர்ந்ததுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். தில்லையில் இருந்த கோவிந்தராஜரைச் சோழ ராஜா கடலில் போடச் சொன்னான், உற்சவ மூர்த்தியை எப்படியோ காப்பாற்றித் திருப்பதிக்குக் கொண்டு வந்தார்கள், ராமானுஜர் இங்கே பிரதிஷ்டை செய்தார் என்பது ஐதீகம்.

இந்தக் கதையின் முதல் பாதியைத்தான் 2008இல் வந்த 'தசாவதாரம்' படத்தின் ஆரம்பத்தில் பார்த்தோம். இரண்டாம் குலோத்துங்கனாக நெப்போலியன், ரங்கராஜ நம்பியாக கமல். முதுகில் கொக்கி மாட்டித் தூக்கி, பெருமாள் சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போடுவார்கள். படத்தில் அந்தச் சிலை 2004 சுனாமியில்தான் வெளியே வரும். எங்கள் ஊர்க் கணக்குப்படி சாமி அதற்கு எண்ணூத்திச் சொச்சம் வருஷம் முன்பே திருப்பதிக்கு வந்து செட்டிலாகிவிட்டார் :-)

நம்பி கற்பனைப் பாத்திரம். ஆனால் சிலையை அகற்றியது வெறும் கற்பனையில்லை. சோழர் சபையிலேயே இருந்த ஒட்டக்கூத்தர் அதைத் தன் அரசனின் சாதனையாகவே பாடி வைத்திருக்கிறார். ஆகவே சைவர்களை வில்லனாக்கிவிட்டார்கள் என்று வெறுமனே கோபப்படவும் வழியில்லை. படம் வருவதற்கு முன்பே சைவ, வைணவ மோதல் வரும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். தடை கிடைக்கவில்லை. படம் வந்தது, ஒரு மோதலும் வரவில்லை. ஜனங்கள் கமலுக்கு விசிலடித்துவிட்டுப் போய் அடுத்த பிரதோஷத்துக்கு நந்திக்குப் பால் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு. அதை யாரும் படமெடுக்கவில்லை. 1539இல் விஜயநகர அரசர் அச்சுத தேவராயர் தில்லையில் கோவிந்தராஜரைத் திரும்பப் பிரதிஷ்டை செய்ய வைத்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் அந்தச் சன்னதியைப் பெரிதாக்கப் புறப்பட்டார். தில்லை தீட்சிதர்கள் கூடாது என்றார்கள். மீறினால் கோபுரத்திலிருந்து குதிப்போம் என்றார்கள். குதிக்கவும் செய்தார்கள். அந்தச் சமயம் அங்கே வந்திருந்த பிமென்டா என்ற ஜெசூட் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்: குதித்து இறந்தவர்கள் 20 பேர், அதற்கப்புறமும் நிறுத்தாதவர்கள்மேல் நாயக்கர் சுடச் சொன்னதில் 2 பேர் இறந்தார்கள். இங்கே துப்பாக்கி வைணவ ராஜா கையில், உயிர் சைவர்களுடையது.

முதல் பாதியை மட்டும் எடுத்தால் சைவன் அரக்கன், மறுபாதியை மட்டும் எடுத்தால் வைணவன் அரக்கன். இரண்டும் நடந்ததுதான். பொய்யே சொல்லாமல் இரண்டு விஷப் படம் எடுக்கலாம்! பிரசாரம் என்றாலே பொய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல சமயம் அது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் சூட்சுமம்.

அப்படியானால் 'தசாவதாரம்' ஏன் யாரையும் காயப்படுத்தவில்லை? தியேட்டரில் பாதிப்பேர் சைவர்கள் என்பதுதான் காரணம். பக்கத்து சீட்டில் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நம்ம மாமாவாக இருப்பார். அவரைப் பார்த்து யாரும் பயப்படப் போவதில்லை. டென்மார்க் தியேட்டரில் 1911இல் பக்கத்து சீட்டில் மார்மன் யாரும் உட்கார்ந்திருக்க வாய்ப்பு குறைவு. வித்தியாசம் அங்கேதான்.

நம்ம ஊரில் அந்த 'பக்கத்து சீட்டில் இல்லாத ஆள்' சமணர். சம்பந்தர் கதையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதைப் பெரியபுராணம் சொல்கிறது. சமணர் தரப்பிலோ கல்வெட்டிலோ அதற்குச் சாட்சி இல்லை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதாகாலட்சேபத்தில் அந்த இடம் வரும்போது யாராவது உச்சுக் கொட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சூழ்ச்சிக்காரர்கள், தோற்றார்கள், ஒழிந்தார்கள், அவ்வளவுதான். வந்தவாசி, செஞ்சிப் பக்கம் இன்றும் தமிழ்ச் சமணர்கள் விவசாயம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் குழந்தை அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

பழைய கதை போதும், கிட்டத்துக்கு வருவோம். 2023 மே மாதம் 'தி கேரளா ஸ்டோரி' வந்தது. இந்துப் பெண்ணை மயக்குகிறான், மதம் மாற்றுகிறார்கள், தூர தேசத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கிருந்து தப்ப முடியாது. 1911 ஃபார்முலா ஒரு ஸ்க்ரூகூட மாறாமல் அப்படியே இருக்கிறது. கேரளாவிலிருந்து சிலர் ஐஎஸ் கும்பலோடு சேரப் போனது நிஜம். டீசரில் அது 32,000 பெண்கள் ஆனது. எதிர்ப்பு வந்ததும் அந்த வாசகம் மூன்று பெண்களாகச் சுருங்கியது. 32,000க்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று படத்தில் அறிவிப்புப் போடும்படி ஆனது சுப்ரீம் கோர்ட்டில். முப்பத்திரண்டாயிரம் எங்கே, மூன்று எங்கே? ஆனால் எங்கள் வாட்ஸப் குழுக்களில் இன்றும் சுற்றுவது பெரிய நம்பர்தான். சர்ச்சில் விசாரணைக்கு என்ன கதியோ அதே கதி.

"அப்ப தடை பண்ணலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது என்பதுதான் என் கட்சி. டென்மார்க் படத்துக்கு எதிராக யூட்டா கவர்னர் வில்லியம் ஸ்ப்ரை கொடி பிடித்தார். படத்துக்கு அது இலவச விளம்பரம் ஆனதுதான் மிச்சம். நம்ம ஊர்த் தடைகளின் லட்சணமும் தெரிந்ததே. ஊமைப்படக் காலத்தில் 1921இல் 'பக்த விதுரர்' படத்தை மெட்ராஸில் தடை செய்தார்கள். விதுரர் காந்தி ஜாடையில் இருந்தார் என்பது குற்றம்! 2013இல் 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் இரண்டு வாரம் முடங்கியது, பிறகு இன்னும் பெரிய கூட்டத்தோடு ஓடியது. கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தால் ஆட்சியில் இருப்பவன் தனக்குப் பிடிக்காததைத்தான் வெட்டுவான்.

மார்மன்கள் பிற்பாடு வேறு வழி கண்டுபிடித்தார்கள். 2011இல் அவர்களைக் கிண்டலடித்து 'தி புக் ஆஃப் மார்மன்' என்ற இசை நாடகம் சக்கைப்போடு போட்டது. சபை கோர்ட்டுக்குப் போகவில்லை. அந்த நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே விளம்பரம் கொடுத்தது: நாடகம் பார்த்தாச்சா, இனி புத்தகத்தைப் படியுங்கள் என்கிற பாணியில். அசந்துவிட்டேன். ஆனால் ஒன்று, இப்படிச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல பணம் வேண்டும், ஆள்பலம் வேண்டும், பயமில்லாத வாழ்க்கை வேண்டும். மார்மன்களுக்கு இங்கே ஒரு மாநிலமே பின்னால் நிற்கிறது. எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே பொறுப்பு டிக்கெட் வாங்குகிற நம்மிடம் வந்து விழுகிறது.

ஒரு கூட்டத்தையே வில்லனாக்கும் படம் பார்க்கும்போது நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, முடிந்துபோன சங்கதியை இன்று நடப்பதாகச் சொல்கிறார்களா? இரண்டு, ஒருவன் செய்ததை அத்தனை பேர் தலையிலும் கட்டுகிறார்களா? மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கூட்டத்தில் சாதாரண மனுஷன் ஒருத்தனாவது படத்தில் வருகிறானா? கடன் கட்டுகிறவன், பிள்ளையை ஸ்கூலில் விடுகிறவன், பொண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறவன்? ஒருத்தன்கூட இல்லையென்றால் அது வெறும் கதையில்லை, ஆள் காட்டுகிற வேலை.

எனக்குத் தெரிந்த சாதாரண மனுஷன் ஆபீஸில் எதிர் டேபிளில் இருக்கிறார். மார்மன், ஒரே மனைவி, நாலு பிள்ளைகள். இளவயதில் சபை வேலையாக இரண்டு வருஷம் ஆந்திராவில் இருந்தவர். காலையில் பார்த்ததும் "எலா உன்னாரு?" என்பார். இங்கே ஸ்பானிஷ் ஃபோர்க் ஊரில் இருக்கிற ராதாகிருஷ்ணன் கோவில் எழும்பியபோது மார்மன் சபை பண உதவி செய்தது, சபைக்காரர்கள் உடலுழைப்பும் கொடுத்தார்கள். எந்த ஊமைப்படத்திலும் இந்த மார்மனுக்கு இடம் இல்லை. படமெடுத்தவனுக்கு அவன் உபயோகப்பட மாட்டான்.

நம்ம ஆள் வில்லனாக வரும்போது மட்டும் 'எல்லாரும் அப்படியில்லை' என்று கொதிக்கிறோம். அடுத்தவன் வில்லனாக வரும்போதும் அதே வார்த்தை வாயில் வர வேண்டும். வரலாற்றில் கோவிந்தராஜர் பக்கமும் தீட்சிதர் பக்கமும் இரண்டையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாது.

பி.கு: திருப்பதி போகிறவர்கள் மலை இறங்கிய கையோடு ரயிலேறிவிடாதீர்கள். ஸ்டேஷன் பக்கத்திலேயே கோவிந்தராஜர் சயனித்துக்கொண்டிருக்கிறார். தில்லையில் இடம் போனாலும் தூக்கம் போகாத சாமி. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.