நட்ட தக்காளி ஏன் சுருள்கிறது?

கேள்வி: "வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் இருக்கிறது. சந்தையில் நாற்று வாங்கி இரண்டு முறை தக்காளி நட்டோம். இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தில் இலை சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டது. ஒரு குழம்புக்குக்கூடக் காய் கிடைக்கவில்லை. 'இந்த மண்ணுக்குத் தக்காளி ஆகாது, கீரையைப் போடு' என்கிறார் மாமியார். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு விடுமுறை. எல்லோரும் சேர்ந்து மறுபடியும் நடலாமா?"

பதில்: இந்த ஞாயிறு நட வேண்டாம், விதைக்கலாம். நடவு அதற்கடுத்த நான்காவது ஞாயிறு.

இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, செடி வளராமல் நிற்பது இலைச்சுருள் நச்சுயிரி நோயின் அடையாளம். இதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. நோய் ஏறிய நாற்றில் அறிகுறி தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதனால் சந்தையில் பச்சைப்பசேல் என்று இருக்கும் நாற்று, வீட்டுக்கு வந்த பிறகு சுருளும். இரண்டு முறையும் நட்ட மூன்றாவது வாரத்தில் சுருண்டிருப்பதால், மண்ணைவிட நாற்றின் மீதே சந்தேகம் அதிகம். சுருண்ட செடியை மருந்தடித்துத் தேற்ற முடியாது. நாற்றை முதல் 25 நாள் ஈயிடமிருந்து காப்பதே வழி.

நாற்று விடும் நாள்

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. வீரிய ஒட்டு ரகமில்லை என்பதால் நல்ல பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மண்ணும் மக்கிய தொழுவுரமும் சம அளவு கலந்து தொட்டியில் நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். அன்றே தொட்டிக்கு மேல் குச்சிகளை வளைத்து மூடிவிட வேண்டும். கொசுவலை போதாது, அதன் கண் வழியே வெள்ளை ஈ நுழைந்துவிடும். நாற்றங்காலுக்கென்று விற்கும் நெருக்கமான நைலான் வலை நல்லது. அது இல்லாவிட்டால் பழைய மெல்லிய வாயில் புடவை போதும். ஓரங்களை மண் போட்டு அடைத்து, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் திறக்கலாம்.

அதே நாளில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. செண்டுமல்லி நாற்றை வாங்கி, தோட்டத்தின் ஓரத்தில் நடச் சொல்லலாம். தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்து நிற்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். பழைய தக்காளிச் செடிகளையும் சுற்றிலும் உள்ள துத்தி போன்ற களைகளையும் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ தங்கும் இடம் அவைதான்.

நடவு நாள்

20 செடி ஒரு குடும்பத்துக்குப் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல், 10 செடி இப்போதும் 10 செடி ஒரு மாதம் கழித்தும் நட்டால் பறிப்பு நீளும். இரண்டாவது தவணைக்கு, முதல் நடவு செய்யும் வாரத்தில் மறுபடி விதைத்து மூடினால் சரியாக இருக்கும்.

காலையில் வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டுக் குழி எடுத்து, இரண்டு கை தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து தண்ணீர் விடலாம். நடவை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நட்டால் நாற்று துவண்டுவிடும். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். அதனால் விதையிலை வரை புதைத்து நடலாம். புகையிலை போடுபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே நாற்றைத் தொட வேண்டும். தேமல் நச்சுயிரி அந்தக் கை வழியாகவும் வரும். நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். பிறகு தண்டில் படாமல் வைக்கோல் மூடாக்கு.

நட்ட பிறகு

தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வேலையை மாமியாரிடம் கொடுக்கலாம்; அனுபவப்பட்ட கண் சீக்கிரம் கண்டுபிடிக்கும். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டினால் ஈ ஒட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து 10 நாளுக்கு ஒருமுறை மாலையில் தெளிக்கலாம். முதல் மாதத்தில் ஒரு செடி சுருண்டால், இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். ஒன்றை விட்டால் மற்றவற்றுக்கும் பரவும். காய்க்கும் பருவத்தில் சுருண்டால் பயமில்லை, பறிக்கிற வரை பறிக்கலாம்.

காயின் அடிப்பாகம் கருத்தால் மருந்து தேட வேண்டாம். ஒரு நாள் வெள்ளமாகவும் நாலு நாள் காயவிட்டும் பாய்ச்சினால் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச்சேராது. அளவாக, தவறாமல் தண்ணீர் விட்டால் அடுத்த காய்கள் சரியாகும்.

மண்மீது சந்தேகம் எப்போது?

செடி பழுக்காமல், சுருளாமல், பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் சந்தேகப்படலாம். அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் முனை மூழ்கும்படி பிடித்தால், சில நிமிடத்தில் பால் போல் நூல் நூலாக இறங்கும். அது பாக்டீரியா வாடல் நோய், மண்ணில்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த இடத்தில் சில வருடங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுமே கூடாது. மாமியார் சொல்வது போலக் கீரை போட்டு, தக்காளியைப் பையில் வேறு மண் நிரப்பி வளர்க்கலாம்.

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசே ரேஷன் கடைகளில் தக்காளி விற்க வேண்டி வந்தது. அப்படி ஒரு மாதம் மறுபடி வந்தால், கொல்லையில் காய்த்து நிற்கும் 10 செடி வீட்டுச் செலவைத் தாங்கும். அதற்காக நான்கு ஞாயிறு காத்திருக்கலாம்.