நலவாழ்வுப் பகுதி: தலையில் வைத்த குழாயும் வயிற்றுக் கோளாறும்



நம் மூளைக்குள் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் தெளிந்த நீர் சுரக்கிறது. அது வடிந்து இரத்தத்தில் சேர வேண்டும். வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். இந்நோயை ஹைட்ரோசெபாலஸ் என்பர். இதற்குப் பரிகாரமாக, மூளையிலிருந்து காதின் பின்புறம், கழுத்து, நெஞ்சு வழியாக, தோலுக்கு அடியால் வயிற்றறை வரை மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றை வைப்பார்கள். அதுவே ஷண்ட்.

இதில் ஒரு தகப்பனின் பாசமும் கலந்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்வினைஞர் ஜோன் ஹோல்ட்டரின் மகன் 1955இல் பிறந்தான்; அவனுக்கு இந்நோய் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே ஹோல்ட்டர், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு ஒன்றைச் செய்து, சத்திரசிகிச்சை நிபுணர் யூஜின் ஸ்பிட்ஸிடம் கொடுத்தார். அன்று தொட்டு எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள்.

குழாய் அடைபடுவதும் கிருமி தொற்றுவதும் அடிக்கடி நேரும் தொல்லைகள். தலைவலி, வாந்தி, அளவு மீறிய தூக்கம், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தல் ஆகியவை அவற்றின் அறிகுறிகள். பெற்றோர் பலர் இவற்றை அறிவர். அரிதாக நேர்வனவற்றையே பலர் அறியார்.

வயிற்றிலுள்ள நுனி சில வேளை இடம் மாறும். ஆண் குழந்தைகளில் அது விதைப்பைக்குள் இறங்கி வீக்கம் தரலாம். தொப்புள் வழியே வெளிப்பட்டதும் உண்டு. குடலைத் துளைத்து உட்செல்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேரும். ஆனால் அப்போது வயிற்றுவலியே இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல் மட்டும் வரலாம். அல்லது நன்றாக விளையாடும் பிள்ளையின் மலவாசலில் குழாயின் நுனி தெரியலாம். குடற்கிருமி குழாய் வழியே மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அப்படி ஏதும் கண்டால், புழு என்று எண்ணி இழுக்கவோ, உள்ளே தள்ளவோ, வெட்டவோ கூடாது. சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து நம்மவர் சிலர் இக்குழாயைப் பற்றி வெளியே சொல்வதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவுக்குக்கூடத் தெரியாமல் இருக்கும். காய்ச்சல் என்று அவசரப் பிரிவுக்குப் போகும்போது, வைத்தியர் வயிற்றையும் தலையையும் சேர்த்து நினைக்க வேண்டுமானால், குழாய் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். குடல்வால் சத்திரசிகிச்சையானாலும் சரி, எம்.ஆர்.ஐ. படமானாலும் சரி, முதலில் அதைச் சொல்லுங்கள். காந்தத்தால் அளவு மாறக்கூடிய வால்வுகளும் உண்டு. நேர்த்திக்காக முடி இறக்குவதானால், வால்வின் மேல் கத்தி படாதபடி முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.

குழாயின் வகை, வைத்த ஆண்டு, வைத்தியசாலையின் பெயர் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி வையுங்கள். ஊருக்குப் போகும்போதும் அதை எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவுக்கும் ‘ஷண்ட்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கட்டாயம் பழக்கிவிடுங்கள்.