எட்டில் ஒரு கட்டில்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனேன். மண்டபத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், பாய், தலையணை உட்பட சகலத்தையும் மாப்பிள்ளை வீட்டார் வளைத்துப் போட்டுவிட்டார்கள். எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜில் விசாரித்தேன்.

"தனி ரூம் 1,800. டார்மிட்டரின்னா 450தான் சார். ஏ.சி. உண்டு!"

பி.காம். படித்தவனுக்கு எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்க்கிற வியாதி உண்டு. மிச்சம் 1,350 ரூபாய். மொய்க்கு எடுத்து வைத்த 501 போனாலும் லாபம்தான். உடனே கையெழுத்துப் போட்டேன்.

ஒரே அறை. நாலு இரட்டை அடுக்குக் கட்டில். எட்டுப் பேர்.

இந்த மாதிரி விடுதிகளுக்கு மூலபுருஷர் ரிச்சர்ட் ஷிர்மான் என்கிற ஜெர்மன் வாத்தியார். 1909-ல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்தங்கினார். ஊர் சுற்றும் பிள்ளைகளுக்கு மலிவாக இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாம். 1912-ல் ஆல்ட்டெனா என்ற ஊரின் கோட்டைக்குள்ளேயே விடுதி திறந்தார்கள். கோட்டையில் ஆரம்பித்த சமாச்சாரம் சார்! எனக்குக் கிடைத்தது பாத்ரூம் கதவை ஒட்டின மேல் கட்டில்.

முதலில் பற்றுப் பக்கம். லாக்கர் கொடுத்தார்கள், பூட்டு கொடுக்கவில்லை. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டுமாம். பர்ஸைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் படுத்தேன். நடுராத்திரி இறங்க வேண்டுமென்றால், இருட்டில் காலால் ஏணியைத் தேட வேண்டும். ஏ.சி.யை ஒருவர் 18-ல் வைப்பார், இன்னொருவர் 26-க்கு ஏற்றுவார். எதிர் மேல் கட்டிலில் கோவில்பட்டிப் பையன் ஒருவன் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். விளக்கு அவன் புத்தகத்தைவிட என் கண்ணுக்குத்தான் நன்றாக வெளிச்சம் காட்டியது.

வரவுப் பக்கமும் காலி இல்லை. மண்டபத்துக்கு எந்த பஸ், எந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும் என்று கேட்காமலே சொன்னார்கள். சார்ஜர் மறந்து வந்த எனக்கு மூன்று சார்ஜர் நீண்டன. 1,800 ரூபாய் அறையில் இதற்கெல்லாம் யாரைக் கேட்பது?

ராத்திரி 12 மணி. கீழ்க் கட்டில் பெரியவரின் செல்போன் "முருகா, முருகா" என்று அலறியது. ஒரு மணிக்கு மறுபடி முருகா. இரண்டு மணிக்கும் முருகன் வந்ததும், மேலேயிருந்து தலையைத் தொங்கப்போட்டேன்.

"ஏன் பெரியவரே, இந்நேரத்துக்கு எதுக்கு இத்தனை அலாரம்?"

"மன்னிச்சுக்குங்க தம்பி. வீட்டுக்காரி பெரியாஸ்பத்திரியில இருக்கா. பொம்பளைங்க வார்டு, ராத்திரி என்னைய விட மாட்டாங்க. மக தான் கூட இருக்கு. எனக்குக் காது மந்தம். அசந்து தூங்கறப்ப போன் வந்தா கேக்காம போயிருமோன்னு, மணிக்கொருதரம் எந்திரிச்சுப் பாத்துக்கறேன்."

பதினோரு ராத்திரியாக இப்படியாம். தலையை மேலே இழுத்துக்கொண்டேன். அறையில் யாரும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தரும் பேசவில்லை.

கோவில்பட்டிப் பையன் ஏணியில் இறங்கி வந்தான். "போனை எங்கிட்ட குடுங்க தாத்தா. நான் எப்படியும் விடிய விடிய முழிச்சுத்தான் இருப்பேன். கால் வந்தா எழுப்புதேன். நீங்க படுங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் போனையும் அவனையும் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

ஐந்தே நிமிஷம். பதினோரு நாள் பாக்கியை ஒரே ராத்திரியில் தீர்க்கிற மாதிரி ஒரு குறட்டை கிளம்பியது. கட்டிலே அதிர்ந்தது. ஏழு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். யாரும் 'உச்' கொட்டவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

விடியும் வரை போன் வரவில்லை.

அடுத்த தடவை பூட்டு கொண்டுபோவேன். முன்னாடியே சொல்லிக் கீழ்க் கட்டில் வாங்குவேன். அதெல்லாம் சரி. அந்தக் குறட்டையை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை. கணக்கு டாலி ஆகாமல் கிடக்கிறது.