விடுதிப் பந்தயமும் ஓடில்லா நத்தையும்

"தைரியம் இருந்தால் இதைத் தின்னு பார்க்கலாம்" என்று சவால் விடுவது விடுதி வாழ்வில் புதிதன்று. அதை வீரமென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2010இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், 19 வயது இளைஞர் ஒருவர் நண்பர்கள் முன் ஓடில்லா நத்தை ஒன்றை விழுங்கினார். மூளை பாதிக்கப்பட்டு 420 நாட்கள் நினைவிழந்து கிடந்தார். கைகால் முடங்கி 2018இல் மாண்டார்.

காரணம், எலியின் நுரையீரல் நாளத்தில் வாழும் ஒரு புழு. எலிப்புழுக்கையோடு வெளிவரும் அதன் இளம் புழுக்கள் நத்தைக்குள் புகுகின்றன. நத்தையைப் பச்சையாக உண்டால் நம் மூளையை நாடுகின்றன. கேரளத்தில் உடும்பிறைச்சியைப் பச்சையாக உண்டோருக்கும் இந்நோய் கண்டதுண்டு.

நோயுற்றோரில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்பது மெய்யே. ஆனால், தேறாத ஒருவர் யாரென்று பந்தயம் கட்டுபவர் அறிவாரா?

பந்தயத்தை விடுவோம். கீரையிலும் கோசிலும் சிறு நத்தைகள் ஒளிந்திருக்கும். பச்சையாகப் பரிமாறும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவுமாறு நம் விடுதிச் சமையற்கூடத்தைக் கேட்போம். சவாலுக்கு "மாட்டேன்" என்பவரே என் கண்ணில் துணிந்தவர்.